எந்தக் கட்டில் நிற்கிறோம்?

போன மாதம் காரைக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோராம் வகுப்பு படிக்கிற அவள் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யைக் கூட்டிச் சொல்ல பைதான் என்கிற நிரல்மொழியில் பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறான். "மாமா, எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஓடத்தான் மாட்டேங்குது."

பார்த்தேன், உண்மையிலேயே சரியாகத்தான் எழுதியிருந்தான். புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் முதல் நாளில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் நிரலில் அல்ல, அதை ஓட்டப் போகிற அந்தக் கறுப்புத் திரையில்தான். அங்கே நாம் அடிக்கிற ஒரே வரியில் இரண்டு தேடல் நடக்கிறது, இரண்டுக்கும் விதி வேறு. இதை யாரும் ஆரம்பத்தில் சொல்லித் தருவதில்லை.

"பைதான், இடைவெளி, மொய்.பை" என்று அடிக்கிறோம். (நான் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிப்பீர்கள்.) முதல் சொல்லைத் தேடுவது கமாண்ட் பிராம்ப்ட், அதாவது அந்தக் கறுப்புத் திரை. இரண்டாவது சொல்லைத் தேடுவது பைதான். பிழை வந்தால் நான் முதலில் பார்ப்பது, கத்துவது யார் என்பதைத்தான்.

அவன் திரையில் முதலில் வந்தது "இஸ் நாட் ரெகக்னைஸ்ட்" என்கிற செய்தி. இது கமாண்ட் பிராம்ப்ட்டின் குரல். பைதான் என்ற பெயரில் எதுவும் அதற்கு அகப்படவில்லை. அது கணினி முழுக்கத் தேடாது, நிற்கிற இடத்தில் (அந்தத் திரை அப்போது இருக்கிற கோப்புறையில்) ஒரு பார்வை பார்க்கும், அப்புறம் 'பாத்' என்றொரு பட்டியலில் எழுதியிருக்கிற கோப்புறைகளில் மட்டும் வரிசையாகத் தேடும், அவ்வளவுதான். விண்டோஸில் பைதானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யாமல் விட்டிருந்தான். மறுபடி நிறுவினோம். அப்படியும் அதே செய்தி! பழைய ஜன்னலை மூடாமல் வைத்திருந்தான். ஜன்னல் திறக்கிற நொடியில்தான் அந்தப் பட்டியல் பிரதி எடுக்கப்படுகிறது, பிறகு வெளியே என்ன மாறினாலும் திறந்திருக்கிற ஜன்னலுக்குத் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து "கான்ட் ஓப்பன் ஃபைல்". பையன் முகம் வாடிவிட்டது, எனக்கோ சந்தோஷம், ஏனென்றால் இப்போது பேசுவது பைதான். அது கிடைத்துவிட்டது, கோப்புதான் கிடைக்கவில்லை. வெறும் பெயரைக் கொடுத்தால் பைதான் எந்தப் பட்டியலையும் பார்க்காது, நாம் நிற்கிற கோப்புறையில் மட்டும் பார்க்கும்.

அக்கா வீடு பழைய வீடு, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். "அடுப்படியில் நிற்கிறாய். இங்கே இருக்கிற மங்கு ஜாடியை எடு என்றால் எடுப்பாய். முகப்பில் நின்றுகொண்டு 'இங்கே இருக்கிற ஜாடி' என்றால்?" என்று கேட்டேன். ஒன்று முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவாசலிலிருந்து முழு வழியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்து அந்தக் கட்டுக்கே போக வேண்டும். கோப்புறைகளும் இப்படிக் கட்டுகள்தான். நடப்பதற்கு 'சிடி' என்று அடித்து, போக வேண்டிய கோப்புறையைச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி சேர்த்தால் ஒரு கட்டு வெளியே வருவோம். விண்டோஸில் கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே பின்பக்கம் சாய்ந்த கோடு போடுவதற்கும் கதை உண்டு: 1983இல் வந்த டாஸ் 2.0தான் கோப்புறைகளைக் கொண்டுவந்தது, அதற்குள் முன்பக்கம் சாய்ந்த கோடு வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது.

சிடி போட்டான், நகரவே இல்லை. கோப்பு டி டிரைவில், நிற்பது சி டிரைவில்; சிடி தனியாக டிரைவ் தாண்டாது. சிடிக்குப் பிறகு முன்பக்கம் சாய்ந்த கோடும் டி எழுத்தும் போட்டு, அப்புறம் கோப்புறையின் முழு வழியைக் கொடுக்க வேண்டும், அல்லது கோப்புறையை எக்ஸ்புளோரரில் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று அடித்து என்டர் தட்டினால் ஜன்னல் அங்கேயே திறக்கும். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன், சோம்பேறித்தனம்தான்.

அங்கே போய் 'டிஐஆர்' அடித்தால் இருப்பதெல்லாம் தெரியும். தெரிந்தது: கோப்பின் உண்மைப் பெயர் மொய்.பை.டிஎக்ஸ்டி! நோட்பேடில் சேமிக்கும்போது ஒட்டிக்கொண்ட வால், விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்தே காட்டும். பெயரை மாற்றினோம், ஓடியது.

மூன்று அம்புக்குறி தெரிந்தால் நீங்கள் பைதானுக்குள்ளேயே நிற்கிறீர்கள், அங்கே இந்த வரியை அடித்தால் இலக்கணப் பிழைதான் வரும். 'எக்ஸிட்' என்று அடித்து அடைப்புக்குறி இரண்டையும் போட்டு வெளியே வாருங்கள்.

சாயங்காலம் மறுபடி வந்தான். வேறு இடத்தில் நின்று, நிரலுக்கு முழு வழியும் கொடுத்து ஓட்டியிருக்கிறான். நிரல் ஓடுகிறது, ஆனால் அது திறக்க வேண்டிய மொய்ப் பட்டியலைக் காணோம் என்கிறது. "ரெண்டும் ஒரே ஃபோல்டர்லதானே மாமா இருக்கு?" இருக்கிறது, ஆனால் நிரலுக்குள் எழுதிய வெறும் பெயரையும் நாம் நிற்கிற இடத்தில்தான் தேடும், நிரல் இருக்கிற இடத்தில் அல்ல. சொல்லி முடிப்பதற்குள் அவன் வெறும் 'சிடி' என்று அடித்து, எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.