சாலையை உடைக்கும்போதுதான் சைக்கிளுக்கு இடம்: ஓரிகனின் 1971 சட்டம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ மாதிரி போர்ட்லண்ட் நகரின் புறநகர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். வெள்ளைக்கோடு போட்ட பாதை ஜம்மென்று போய்க்கொண்டிருக்கும். அடுத்த சிக்னலுக்கு முன்னாலேயே கோடு சட்டென்று முடிந்து, கார்களுக்கு நடுவில் நம்மை விட்டுவிடும். நகராட்சிக்கு அக்கறை இல்லை என்று திட்டத் தோன்றும். பல இடங்களில் காரணம் வேறு: எந்தத் துண்டு சாலையை மறுபடி கட்டினார்களோ, அந்தத் துண்டுக்கு மட்டும் பாதை கிடைத்திருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது ஓரிகன் மாநிலம் 1971-ல் போட்ட சட்டம். ‘பைக் பில்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சாலையைப் புதிதாகக் கட்டினாலும், மறுபடி கட்டினாலும், இடம் மாற்றிப் போட்டாலும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் சேர்த்தே வர வேண்டும். மாநில நெடுஞ்சாலை நிதியிலிருந்து வரும் பணத்தில் வருடத்துக்குக் குறைந்தது 1 சதவீதம் இவற்றுக்குப் போக வேண்டும். தப்பிக்க மூன்று வழிதான்: பாதை போட்டால் ஆபத்து, தேவைக்குப் பொருந்தாத அளவு செலவு, அல்லது ஆட்கள் மிகக் குறைவான இடம் என்பதுபோல் தேவையே இல்லாத நிலை.

அந்த 1 சதவீதத்தைப் பலர் உச்சவரம்பு என்று நினைக்கிறார்கள். போர்ட்லண்ட் நகரமே அப்படித்தான் வாதாடியது. ஒரு விளையாட்டு அரங்கத்தைச் சுற்றிக் கட்டிய சாலைகளில் சைக்கிள் பாதை இல்லை என்று சைக்கிள்காரர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. 1 சதவீதம் செலவழித்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

சரி, ஓட்டை எங்கே? மேலே தார் மட்டும் போடுவது ‘மறுபடி கட்டுவது’ ஆகாது. தார் போட்டால் நடைபாதை முனையில் சக்கர நாற்காலிக்கான சரிவு அமைத்தே தீர வேண்டும்; அது மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. சைக்கிளுக்கு அப்படி இல்லை. ஆனாலும் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது தார் போடும் வேலையைத்தான். தார் போட்டால் பழைய கோடெல்லாம் அழியும், எப்படியும் புதிதாக வரைய வேண்டும். 44 அடி அகலச் சாலையில் 11 அடி வீதம் நான்கு தடங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். அதையே இரண்டு பக்கமும் பத்தரை அடித் தடம், நடுவில் திரும்புவதற்கு 11 அடி என்று வரைந்தால் 12 அடி மிச்சம். பக்கத்துக்கு 6 அடியில் சைக்கிள் பாதை வந்துவிடும். செலவு பெயிண்ட்டுக்குத்தான்.

பாதை கேட்பதற்கு முன் சாலை யாருடையது என்று பாருங்கள். பீவர்ட்டன் வழியாகப் போகும் டி.வி. ஹைவே மாநிலத்துடையது, வேறு சில பெரிய சாலைகள் கவுண்டியுடையவை (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). நகராட்சியிடம் போய் நின்றால் கையை விரிப்பார்கள், அது பொய்யும் இல்லை.

நகரத்துச் சாலை என்றால் இரண்டு ஆவணங்கள் முக்கியம். ஒன்று போக்குவரத்து அமைப்புத் திட்டம், சுருக்கமாக டி.எஸ்.பி. (போலீஸ் இல்லை). சுமார் இருபது வருடங்களுக்கான ஆசைப் பட்டியல் அது. அதில் கோடு இருப்பதால் மட்டும் பாதை வந்துவிடாது. பணம் ஒதுக்குவது சி.ஐ.பி. எனும் மூலதனப் பணித் திட்டம், பெரும்பாலும் ஐந்து வருடக் கணக்கு. நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குவதால் பட்ஜெட் குழு கூடுவது வசந்த காலத்தில். நகர மன்ற உறுப்பினர்கள் எத்தனை பேரோ, அத்தனை சாதாரண வாக்காளர்களும் அந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அங்கே பொதுமக்கள் பேசலாம்.

அப்புறம் சாலை வேலைக்கான வரைபடம். 30 சதவீதம் முடிந்தது, 60, 90 என்று படிப்படியாக வரும். 90-ல் போய்ச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். 30-ல் போங்கள். பாதை சிக்னலுக்கு முன்னால் முடிகிறதா, சந்திப்பைத் தாண்டியும் தொடர்கிறதா, மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சக்கரம் சிக்கும்படி நீளவாக்கில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

சாலையை ஒட்டாத, பூங்கா வழியாகப் போகும் பாதைக்கு மாநில நெடுஞ்சாலை நிதி உதவாது. பெட்ரோல் வரிப் பணத்தைச் சாலைக்கு மட்டுமே செலவிடலாம் என்று மாநில அரசியல் சாசனம் கட்டிப்போட்டிருக்கிறது. அதற்காகத்தான் 2018 முதல் 200 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புதுச் சைக்கிளுக்கு 15 டாலர் வரி வாங்குகிறார்கள்.