ஆழ்மன உளவியலை யார்மேல் வைத்து வாசிக்கிறீர்கள்?

"எங்கப்பா ஒரு நார்சிசிஸ்ட்டுங்க மேடம். எனக்கு ஷேடோ வொர்க்தான் தேவைப்படுதுன்னு நினைக்கிறேனுங்க." ஈரோட்டில் மருத்துவ உளவியலாளராக இருக்கும் என்னிடம் முதல் சந்திப்பிலேயே இப்படிப் பேச்சைத் தொடங்கும் இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். பொறியியல் மாணவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள், படித்துவிட்டுக் கல்யாணமாகிக் கூட்டுக்குடும்பத்துக்குள் வந்த பெண்கள். நார்சிசிஸ்ட் என்றால் தன்னைத் தவிர யாரையும் பொருட்படுத்தாதவர், ஷேடோ வொர்க் என்றால் தனக்குள் மறைந்திருப்பதை எதிர்கொள்ளும் முயற்சி. சொற்கள் ரீல்ஸிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வேதனை உண்மையானது. ஆனால் அந்தச் சொற்கள் எந்தப் புத்தகங்களிலிருந்து வந்தனவோ அவற்றைப் பெரும்பாலும் யாரும் திறந்திருப்பதில்லை.

படித்தால் நல்லது என்றே நான் சொல்வேன். எதிலிருந்து தொடங்குவது, எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் அனுபவங்கள் எதுவும் தனி ஒருவருடையது அல்ல. பலரிடம் கேட்டவற்றைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

நாம் செய்வதில் ஒரு பங்கு நமக்கே தெரியாத காரணங்களால் நடக்கிறது. அந்தக் காரணங்கள் கனவாக, வாய்தவறி வரும் சொல்லாக, உடம்பில் வரும் தொந்தரவாக வேறு உருவில் வெளியே வருகின்றன. ஆழ்மன உளவியலின் அடிப்படை இவ்வளவுதான். வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட் இதைத் தொடங்கினார். அவரோடு இருந்த ஆல்ஃபிரட் அட்லர் 1911லும், சூரிச்சின் கார்ல் யுங் 1913லும் பிரிந்து தத்தம் வழியில் போனார்கள்.

ஃப்ராய்டைத் தொடங்குபவர்கள் கனவுகளைப் பற்றிய அந்தப் பெரிய புத்தகத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதை அப்புறம் படிக்கலாம். 1909 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய ஐந்து உரைகள் இருக்கின்றன. இந்தத் துறையே தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லித் தருவதற்காகப் பேசியவை. சிறியவை. 1910இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராக உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் புரிந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல வராத இடத்தில்தான் புரியவில்லை என்பதே தெரியும்.

முதல் உரையில் அன்னா ஓ. என்ற பெயரில் ஒரு பெண் வருகிறார். ஃப்ராய்டின் மூத்த நண்பரான மருத்துவர் பிராயரிடம் சிகிச்சை பெற்றவர். கடும் கோடையில், தாகம் இருந்தும் வாரக்கணக்கில் அவரால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பழங்களைச் சாப்பிட்டுச் சமாளித்தார். ஹிப்னாசிஸ் நிலையில் ஒருநாள் பேசும்போது, வீட்டில் இருந்த ஒரு பெண்மணியின் நாய் தம்ளரிலிருந்து தண்ணீர் குடித்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அருவருப்பாக இருந்திருக்கிறது. மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். அடக்கிய கோபத்தைக் கொட்டித் தீர்த்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் மரியாதை நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அடித்துத் திட்டும்போதும் 'ங்க' போடுகிறவர்கள் நாம். "தொண்டையில என்னமோ அடைச்ச மாதிரியே இருக்குதுங்க, ஸ்கோப் விட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று வரும் மருமகள்கள் உண்டு. பேசப் பேச, மாமியாரிடமோ நங்கையாளிடமோ சொல்லாமல் விழுங்கிய ஒரு பேச்சு பல நேரம் தட்டுப்படும். எல்லாத் தொண்டை அடைப்பும் அப்படியல்ல, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

அதே கதையிலேயே சந்தேகப்படவும் கற்றுக்கொள்ளலாம். அன்னா ஓ. பேசியதாலேயே முழுக்கக் குணமடைந்தார் என்பது போன்ற ஒரு பிம்பம் உண்டு. பிராயரின் சிகிச்சை முடிந்த பிறகும் அவர் மனநலச் சிகிச்சையகத்தில் தங்க வேண்டியிருந்ததைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெர்தா பாப்பன்ஹைம் என்ற தன் சொந்தப் பெயரில் பிற்காலத்தில் பெண்களுக்காகப் பெரும் பணி செய்தவர் அவர். ஃப்ராய்டின் கோட்பாடுகளில் பலவற்றைச் சோதித்து நிரூபிக்க முடியாது என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. நான் அவரைப் படிக்கச் சொல்வது, ஒரு மனிதர் பேசுவதை எவ்வளவு பொறுமையாகக் கேட்க முடியும் என்பதை அவரிடம் பார்க்க முடிவதால்.

இரண்டாவது உரையில், வேண்டாத நினைவை மனம் எப்படித் தள்ளிவைக்கிறது என்பதற்கு அவர் சொல்லும் உதாரணம் எளிமையானது. இதே அரங்கில் ஒருவர் கூச்சல் போடுகிறார், நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே தள்ளிக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர் வெளியே நின்று கதவை இடிக்கிறார். உள்ளே இருந்ததைவிட இப்போது தொந்தரவு அதிகம்.

சரி, எப்படிப் படிப்பது? அப்பாவுக்குப் பட்டம் கட்டுவதற்காகப் படித்தால், வீட்டில் ஏற்கெனவே நடக்கும் சண்டைக்குப் புதிதாக ஒரு வசைச்சொல் கிடைக்கும், அவ்வளவுதான். ஓர் இளைஞர் தன் அப்பா பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்பவர், எல்லாவற்றையும் தன் பிடிக்குள் வைத்திருப்பவர் என்று வாரா வாரம் பொருமினார். தன் வங்கிக் கணக்கை மனைவி இதுவரை பார்த்ததில்லை என்பதை அவரே வேறொரு பேச்சில் போகிறபோக்கில் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். யுங் நிழல் என்று சொன்னது இந்த இடத்தைத்தான். தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று அடுத்தவரிடம் தெரியும்போது பற்றிக்கொண்டு வரும் எரிச்சல். அப்பா செய்தது சரி என்று இதற்குப் பொருளில்லை. உண்மையிலேயே கொடுமை நடக்கும் வீடுகளும் உண்டு, அங்கே உங்கள் நிழலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், பாதுகாப்பைத் தேடுங்கள்.

யுங்கைத் தொடங்க, பொது வாசகர்களுக்காகவே எழுதப்பட்ட 'மனிதனும் அவன் குறியீடுகளும்' நூலில் அவர் எழுதிய முதல் பகுதி போதும். 1959இல் பிபிசி தொலைக்காட்சியில் யுங்கின் பேட்டியைப் பார்த்த ஒரு பதிப்பாளர் இப்படி ஒரு நூல் கேட்டபோது யுங் முதலில் மறுத்தார். ஒரு பெருங்கூட்டத்தின் முன் நின்று பேசுவதாகவும், சொல்வது அவர்களுக்குப் புரிவதாகவும் கனவு கண்ட பிறகே ஒப்புக்கொண்டார். 1961இல் இறப்பதற்குச் சற்று முன்புதான் எழுதி முடித்தார். அழகான படங்களோடு 2009இல் அச்சான 'சிவப்பு நூல்' மீது எல்லோருக்கும் ஆசை. அது அவர் தனக்குத்தானே நடத்திய தேடலின் குறிப்பேடு. அதை முதலில் எடுக்க வேண்டாம்.

கம்பெனி பயிற்சிகளில் தரும் நான்கு எழுத்து ஆளுமைச் சோதனையை வைத்து யுங்கைத் தெரியும் என்பவர்களும் உண்டு. அதன் வேர் அவருடைய 1921ஆம் ஆண்டு நூலில் இருப்பது உண்மைதான். ஆனால் மனிதர்களை வகை பிரித்துச் சீட்டு ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று அவரே கண்டித்திருக்கிறார்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை இரவிரவாகக் கேட்டவர்களுக்கு, பொறுமையான பொன்னரும் ஆவேசமான சங்கரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது புதிய செய்தி அல்ல. வரப்போவதை அவர்களின் தங்கை தங்காள் கனவில் காண்பதும், படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்புவதும் அப்படித்தான். யுங்கைப் படிக்கும்போது இவை தானாக நினைவுக்கு வரட்டும். ஆனால் குலதெய்வத்தைத் தொல்படிமம் (எல்லா மனிதர் மனத்திலும் பொதுவாக உறைந்திருப்பதாக யுங் சொன்ன வடிவம்) என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து, அப்பத்தாவிடம் போய் விளக்கம் சொல்லாதீர்கள். அவருடைய வழிபாட்டில் உங்கள் புத்தகத்தில் இல்லாதவை நிறைய இருக்கின்றன.

அட்லருக்கு நான் தனி இடம் தருவேன். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணால் மட்டுமே அளக்கப்பட்டு வளர்ந்தவர்களுக்கும், பங்காளி மகனோடு ஒப்பிடப்பட்டே வளர்ந்தவர்களுக்கும் தாழ்வுணர்ச்சியைப் பற்றி அவர் எழுதியது நேராகப் போய்ச் சேருகிறது. 1927இல் வந்த அவருடைய மனித இயல்பு பற்றிய நூல், வியன்னாவில் சாதாரண மக்களுக்கு அவர் எடுத்த வகுப்புகளிலிருந்து உருவானது. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள், குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான இங்கிலாந்தின் வின்னிகாட் ஆற்றிய வானொலி உரைகளைத் தேடிப் படிக்கலாம். குற்றவுணர்ச்சி கொஞ்சம் குறையும்.

தத்துவத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நீட்ஷேயின் 1886ஆம் ஆண்டு நூலில், நன்மை தீமைக்கு அப்பால் என்ற பெயருடையதில், 68வது குறிப்பு: இதை நான் செய்தேன் என்கிறது நினைவு, செய்திருக்க முடியாது என்கிறது தன்மானம், கடைசியில் நினைவு விட்டுக்கொடுக்கிறது. ஃப்ராய்டே மேற்கோள் காட்டிய இடம் இது. ஷோப்பன்ஹவர் கடினம், அவசரமில்லை. வதைமுகாமிலிருந்து மீண்ட விக்டர் ஃப்ராங்கல் 1946இல் வெளியிட்ட நூலை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். வாசிப்பு சிகிச்சைக்குப் பதிலாகாது. மனம் ஏற்கெனவே நிலைகுலையத் தொடங்கிய சிலர் இந்தப் புத்தகங்களுக்குள் வேகமாக இறங்குவதைப் பார்க்கிறேன். தொடர்ந்து பல இரவுகள் தூக்கமில்லை. பேருந்து எண்ணிலும் டிவி விளம்பரத்திலும் தனக்கு மட்டும் செய்தி வருகிறது. யாரும் இல்லாமல் குரல் கேட்கிறது. செத்துப்போகலாமா என்று தோன்றுகிறது. இவற்றில் எது இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவரே அழைக்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருப்பவர்கள் அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.