ஆறிய காப்பியைக் குடித்துப் பாருங்கள்

மாசி மாதம் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு பையில் கொட்டை சாம்பிள் கொண்டுவந்தார். "பெருசு ஏ கிரேடு தம்பி, அதுக்குப் பார்த்து விலை போடுங்க. பொடிக்கொட்டை சும்மாதான் கொண்டாந்தேன்."

மதுரையில் காப்பி ருசி பார்க்கும் வேலையில் இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிளாண்டேஷன் ஏ, பி, சி என்ற கிரேடெல்லாம் முக்கியமாகக் கொட்டை எத்தனை பெருசு என்று சல்லடை சொல்லும் கணக்கு. ஒரே அளவுக் கொட்டை சீராக வறுபடும், அது உண்மை. ஆனால் ருசியைச் சல்லடை எப்படிச் சொல்லும்?

முதலில் கண் வேலை. 350 கிராம் பச்சைக் கொட்டையைக் கறுப்பு விரிப்பில் பரப்பிக் கறுத்தது, புளித்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது என்று பொறுக்குவோம். முழுக்கக் கறுத்த கொட்டை ஒன்று இருந்தாலே அந்தச் சாம்பிள் ஸ்பெஷாலிட்டி என்னும் உயர்ந்த தரத்துக்கு ஆகாது. பிறகு இளவறுவல். கருக வறுத்தால் நல்லதும் கெட்டதும் ஒரே கசப்பாகிவிடும்.

ஒரு சாம்பிளுக்கு ஐந்து கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் 8.25 கிராம் கொட்டையைத் தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனியாகத்தான் அரைக்க வேண்டும். மொத்தமாக அரைத்தால் ஒரு கெட்ட கொட்டையின் வாடை ஐந்திலும் கரைந்து தப்பித்துவிடும். 93 டிகிரி சூட்டில் 150 மில்லி தண்ணீர் ஊற்றினால் தூள் மேலே ஆடையாகக் கட்டும். நாலு நிமிடம் கழித்து மூக்கைக் கிண்ணத்தருகே கொண்டுபோய்க் கரண்டியால் அந்த ஆடையை உடைப்போம். பிறகு சத்தம் வர உறிஞ்சுவது. மணம், புளிப்பு, இனிப்பு, வாயில் நிற்கும் கனம், விழுங்கிய பின் மிஞ்சும் ருசி எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண். 80 தொட்டால் ஸ்பெஷாலிட்டி.

பெரிய கொட்டை சூடாக இருந்தவரை குறை தெரியவில்லை. வெதுவெதுப்பானதும் நாலாவது கிண்ணத்தில் நனைந்த சாக்கு வாடை அடித்தது. பொடிக்கொட்டை ஐந்து கிண்ணத்திலும் ஒரே மாதிரி, ஆற ஆற ஆரஞ்சுத் தோல் மணத்தோடு இனித்தது. அவரையே இரண்டையும் குடிக்கச் சொன்னேன். நாலாவது கிண்ணத்தில் முகம் சுருங்கியது.

"அண்ணே, இது காய்ஞ்சது சிமெண்டுக் களத்துலயா?"

"களத்துல இடம் பத்தல தம்பி. கொஞ்சத்த மண்ணுல போட்டோம். ஒரு ராத்திரி மழை வேற."

வீட்டில் இத்தனை கிண்ணம் வேண்டாம். டிகாஷன் ஒரு கரண்டி எடுத்து, வெந்நீர் விட்டு, பாலும் சீனியும் சேர்க்காமல் ஆறவிட்டுக் குடியுங்கள். நல்ல தூள் ஆறினாலும் குடிக்க முடியும். கறுப்பாக, கெட்டியாக இறங்கினால் ஸ்ட்ராங் என்று நம்பி ஏமாறுகிறோம். அந்த நிறமும் கெட்டியும் பெரும்பாலும் சிக்கரி தருவது. அதில் கஃபீன் கிடையாது. சிக்கரி சேர்ப்பது குற்றமில்லை. ஆனால் கலவைத்தூளில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும், விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். உதிரியாக வாங்கும் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவினால் காப்பி மிதக்கும், சிக்கரி நிறக்கோடு இழுத்தபடி சீக்கிரம் அடியில் இறங்கும்.

பொடிக்கொட்டைக்கு நான் சொன்ன விலையைத் தோட்டக்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். அங்கேயே மகனுக்குப் போன் போட்டார்: "அந்த மண்ணுல காஞ்ச மூட்டைய மத்ததோட கொட்டிராதப்பா, தனியா வை."