தேரி மண்ணைக் கடற்கரைக்கு ஏற்றாதீர்கள்

போன மாதம் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கம் ஒரு மீனவ ஊருக்குக் கரை அளக்கப் போயிருந்தேன். கோயிலுக்குக் கீழே கடல் அரித்த இடத்தில், ஊர் வரி பிரித்து நாற்பது லோடு தேரி மண், அதாவது நம் பக்கத்துச் செம்மணல் மேட்டு மண், கொட்டியிருக்கிறார்கள். சித்திரையில் கொட்டியது, ஆடிக்குள் ஒரு கைப்பிடி மிச்சமில்லை. பத்து நாள் கடல் சிவப்பாகக் கலங்கிக் கிடந்ததாம், கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையை இழுக்க முடியவில்லையாம். இப்படி நான் பார்க்கும் நாலாவது ஊர் இது. கமிட்டித் தலைவர் கேட்டார்: “மண்ணுல என்ன அண்ணாச்சி வித்தியாசம்? எல்லாம் மண்ணுதான?”

இல்லை. இதைத்தான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரையில் கிடக்கும் மணல், அலை வருஷக்கணக்காகச் சலித்து, தன்னால் எளிதில் தூக்க முடியாது என்று விட்டுவைத்த மணல். தேரி மண்ணோ காற்று தூக்கி வந்து குவித்தது. காற்றே தூக்கிய மண்ணை அலை விட்டுவைக்குமா? குளத்து வண்டல் இன்னும் மோசம், அது கரையவே செய்யும். பொடி மணலைப் போட்டால் கரையின் சரிவும் படுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் தண்ணீருக்கடியில் போய்ப் பரவிவிடும். கொட்டும் மணல் உங்கள் கரை மணலை ஒத்திருக்க வேண்டும், அல்லது அதைவிடச் சற்றுப் பருமனாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. கச்சான் காற்றுக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், நம் கரை சில இடங்களில் கறுத்தும் சிவந்தும் தெரியும். கடல் புது மணல் கொண்டுவந்து போட்டதாகச் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். நடந்தது வேறு. லேசான வெள்ளை மணலை அலை எடுத்துப் போய்விட்டது, கனமான தாதுக்களான கறுப்பு இல்மனைட்டும் சிவப்புக் கார்னெட்டும் தங்கிவிட்டன. அது அரிப்பின் அடையாளம்.

சரியான மணலைப் போட்டாலும் அது போகத்தான் செய்யும். வீட்டையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு அலை அந்த மணலைத் தின்னட்டும் என்றுதான் போடுகிறோம். நெதர்லாந்துக்காரர்கள் வருஷத்துக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் மணலைக் கடலோரத்தில் கொட்டுகிறார்கள். 2011இல் ஒரே இடத்தில் 2 கோடிக்கும் மேல் கொட்டி, அலையும் காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். நம்முடைய நாற்பது லோடு நானூறு கன மீட்டர் தேறினால் அதிகம்.

தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்சுவர், கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு போகிற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கல் மணலை உண்டாக்காது. ஓடுகிற மணலை ஒரு பக்கம் நிறுத்தும், அடுத்த ஊரைப் பட்டினி போடும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் அரித்தது. புதுச்சேரியிலும் துறைமுகத்துக்கு வடக்கேதான் கடற்கரை காணாமல் போனது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் கல்சுவருக்கு இந்தப் பக்கம் தேங்கும் மணலைப் பம்பு வைத்து அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர். துறைமுகத்தைத் தூர்வாரும்போது அந்த மணலை ஆழ்கடலில் கொட்ட விடாதீர்கள். அரிக்கும் கரைக்குக் கேளுங்கள், மனு போடுங்கள்.

ஒரு காலத்தில் தாமிரபரணியே நமக்கு மணல் போட்டது. கொற்கை துறைமுகமாக இருந்த ஊர், இன்று கடலுக்குப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இப்போது அந்த மணல் அணையில் தேங்கியும் லாரியில் ஏறியும் நமக்கு வராமல் போகிறது.

அப்புறம், கரைக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டை வெட்டி முன்னால் போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு புயலுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சேமிப்பு. ராவணன் மீசைப் புல்லையும் அடம்புக் கொடியையும் பிடுங்காதீர்கள், மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் கரையில் லாரி இறக்க வேண்டாம். கச்சான் தொடங்கும் முன்னால் அவசரமாகக் கொட்டவும் வேண்டாம். கோயில் மதிலிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை மாதம் ஒரு முறை நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம். அந்த நோட்டு இல்லாமல் எந்த அதிகாரியிடமும் உங்கள் கரை போனதை என்னால் நிரூபிக்க முடியவில்லை.

லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், தயவுசெய்து, கரை மண் ஒரு கிலோ, கொட்டப்போகும் மண் ஒரு கிலோ, தனித்தனிப் பையில், மணல் சோதிக்கும் எங்களைப் போன்ற யாரிடமாவது கொண்டு வாருங்கள். காயவைத்துச் சலித்துப் பார்க்க ஒரு நாள் போதும்.