விளிம்புநிலைக் கணிமையாம்!

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலவைக் குறைக்க ‘விளிம்புநிலைக் கணிமை’யைக் கையில் எடுத்திருக்கின்றன என்று மறுபடியும் ஒரு கட்டுரை. விளிம்புநிலை மக்களுக்குக் கணினிப் பயிற்சி தருகிறார்கள் போலிருக்கிறது என்றுதான் தமிழ் படிக்கிற எவரும் நினைப்பார். கட்டுரையாளர் சொல்ல வந்தது எட்ஜ் கம்ப்யூட்டிங்.

எட்ஜ், பழைய ஆங்கிலத்தில் கத்தியின் கூர். அப்புறம் ஓரம், எல்லை என்று விரிந்தது. தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கோ, வாடிக்கையாளரின் இணைப்பு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைகிற இடம்தான் எட்ஜ். தொலைவிலுள்ள பெரிய தரவு மையம் செய்கிற வேலையில் ஒரு பகுதியைப் பிரித்து, அந்த நுழைவிடத்துக்குப் பக்கத்தில், செல்பேசிக் கோபுரத்தடியிலோ வட்டார இணைப்பகத்திலோ, சிறிய சர்வர்களில் வைப்பதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். 2014-இல் எட்சி என்ற ஐரோப்பியத் தரநிலை அமைப்பு இதற்கென்றே ஒரு குழு அமைத்தது.

பணம் எங்கே மிச்சமாகிறது? இதே தத்துவத்தில் நெட்ஃபிளிக்ஸ் 2012 முதல் செய்வதைப் பாருங்கள். படங்களின் பிரதிகள் அடங்கிய சர்வர் பெட்டிகளைத் தகுதியுள்ள இணையச் சேவை நிறுவனங்களுக்குக் காசு வாங்காமலே கொடுக்கிறது. நெரிசல் குறைந்த நேரத்தில் பெட்டி புதுப்படங்களை இறக்கி வைத்துக்கொள்ளும். மாலையில் ஆயிரம் பேர் பார்த்தாலும் அங்கிருந்தே போகும். ஒரே படத்தை ஆயிரம் முறை நெடுந்தூரம் இழுக்கும் செலவு இணையச் சேவை நிறுவனத்துக்கு இல்லை. நேரமும் மிச்சம்: கண்ணாடியிழையில் ஒளி 1,000 கி.மீ. போய்த் திரும்பவே சுமார் 10 மில்லிநொடி ஆகும். ஆனால் மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு ஆள் எல்லாம் பல இடங்களில் வேண்டும். ஆகவே எல்லா இடத்திலும் லாபம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘விளிம்பு’ தட்டுக்கு உண்டு. கணக்குப் பாடத்தில் கனசதுரத்துக்கு 12 உண்டு. அதோடு ‘நிலை’யை ஒட்டியது யார்? எட்ஜில் அது இல்லையே! காதுக்குப் பழகிய தொடர் என்பதால் கை தானாக எழுதிவிடுகிறது, வேறென்ன. ‘நிலை’யை வெட்டி ‘விளிம்புக் கணிமை’ என்றால் போதும் என்பவர்களிடம் ஒரு கேள்வி: யாருக்கு விளிம்பு? வலையமைப்பின் நடுவில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவருக்கு. போன் வைத்திருப்பவருக்கு அது பக்கத்து இடம். ‘ஓரக் கணிமை’ என்றால் யாரையோ ஓரங்கட்டிய வாடை. ‘முனைக் கணிமை’யோ டெர்மினலைக் குறிக்கும் ‘முனைய’த்தோடு குழம்பும்.

என் ஓட்டு ‘அருகமைக் கணிமை’க்கு. அருகமைப் பள்ளி என்று பல காலமாகச் சொல்லி வருகிறோம். புதிதாக எதையும் பழக்க வேண்டியதில்லை. மேசை மேலிருக்கிற கணினியும் அருகில்தானே என்று மடக்குவார்கள். அருகமைப் பள்ளி என்றதும் யாராவது தன் வீட்டுத் திண்ணையைத் தேடினார்களா?

அகராதியில் முதலில் கண்ணில் படுகிற பொருளை எடுத்து ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. அதே கட்டுரையில் இன்னொரு வரி: ‘மையப்படுத்தப்படாத கணக்கீட்டு முறைமையின் வாயிலான செயல்பாட்டுச் செலவினக் குறைப்பு’. வேலையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நடத்தும் செலவு குறையும் என்று எழுதினால் என்னவாம்?