பந்தோபஸ்து என்றால் பாதுகாப்பா?

"பந்தோபஸ்து தமிழ் இல்லை, பாதுகாப்பு என்று எழுதுங்கள்" என்ற திருத்தத்தை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். தமிழ் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பொருள் பாதுகாப்பும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் பொதுத் தாயான தொல் இந்தோ-ஈரானியத்தில் 'கட்டு' என்ற பொருளில் *பந்த் என்று ஒரு வினையடி. (ப, த் இரண்டும் மூச்சொலியோடு வரும், நம் எழுத்தில் காட்ட முடியாது. முன்னால் இருக்கும் உடுக்குறிக்குப் பொருள், இதைக் கல்லிலோ ஓலையிலோ யாரும் பார்த்ததில்லை, பிள்ளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது என்பது. இதைப் போய் 'புனரமைக்கப்பட்ட வேர்' என்று மொழிபெயர்க்கிறார்கள், கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்கத் தோன்றுகிறது.) சமஸ்கிருதத்தில் 'கட்டப்பட்ட' என்பதற்கு 'பத்த', அதற்கு நேரான ஈரானியச் சொல் 'பஸ்த'. ஈரானில் உள்ள பெகிஸ்தூன் பாறையில் பழைய பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டில், பிடிபட்ட கலகக்காரனை 'பஸ்த'வாக, அதாவது கட்டிப்போட்டு, அரண்மனை வாசலில் நிறுத்துகிறார்கள். மன்னனுக்குக் கட்டுப்பட்டவன் 'பந்தக'. பிற்காலப் பாரசீகத்தில் அது 'பந்தா', அடிமை. அப்புறம் பந்த், பஸ்த் இரண்டையும் 'ஓ' என்ற உம்மையால் சேர்த்தால் பந்த்-ஓ-பஸ்த். கட்டுவதும் பிணைப்பதும், அதாவது ஒழுங்கான ஏற்பாடு.

போலீசே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் இருந்தது. 1793-இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரி முறைக்கு வங்காளியில் பெயரே 'சிரஸ்தாயி பந்தோபஸ்தோ'தான். அங்கே யாரை யார் பாதுகாத்தார்கள்? ஜமீன்தார் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, அவ்வளவுதான்.

நம் ஊருக்கே வருவோம். "தேருக்கு 500 பேர் பந்தோபஸ்து" என்றால் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள், அதனால் யாருக்காவது பாதுகாப்புக் கிடைத்ததா என்பது வேறு கணக்கு. ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு என்று எழுதினால், ஊர்வலத்தைக் காக்கிறார்களா, ஊர்வலத்திடமிருந்து நம்மைக் காக்கிறார்களா? பந்தோபஸ்து என்றால் இந்தக் குழப்பமே வராது. வேலைக்குப் போகும் காவலரும் 'பந்தோபஸ்து டூட்டி' என்றுதான் சொல்கிறார், அவருக்குத் தெரியும்.

தமிழில் வேண்டுமென்றால் சொல் கையிலேயே இருக்கிறது: கட்டுக்காவல். 'கட்டும் காவலும்' என்று பிரித்துச் சொன்னால் பந்த்-ஓ-பஸ்த் போலவே உம்மை போட்ட இணைச்சொல், முதல் பாதிக்கு அதே பொருள். அது ராஜா ராணி காலத்துச் சொல் என்பார்கள். "அந்த வீட்டில் பெண்ணுக்குக் கட்டுக்காவல் அதிகம்" என்று இன்றைக்கும் பேசுகிறோமே!

இன்னொன்று. பந்தம், சம்பந்தி, நிபந்தனை, பிரபந்தம் எல்லாம் இதே வேர்தான், சமஸ்கிருத வாசல் வழியாக வந்தவை. பாரசீக வாசலில் வந்தது ஜமாபந்தி, ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் நிகழ்ச்சி. அதற்கு அரசு போட்ட 'வருவாய்த் தீர்வாயம்' நல்ல சொல், ஏனென்றால் அகராதியைப் பார்க்காமல் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் வேலையைப் பார்த்து வைத்த பெயர். என்ன, மனுவோடு வரிசையில் நிற்பவரைக் கேட்டால் ஜமாபந்திக்கு வந்தேன் என்பார்.