டிரெயின் குழாய் ரத்தத்தைத் திருடுவதில்லை

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, காயத்தில் ஊறும் நீரை வெளியே உள்ள குப்பிக்கு வடிக்கும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிய ஓர் அம்மா, நான்காம் நாள் அக்குளில் கொய்யாக்காய் அளவு வீக்கத்தோடு திரும்பி வந்தார். “ரத்தமெல்லாம் வடிந்து போகிறதே” என்று பதறிய மாமியார், பூக்கட்டும் நூலால் குழாயை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். இந்த மாதத்தில் நான் அவிழ்க்கும் இரண்டாவது முடிச்சு இது.

ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரைச் சிவக்க வைக்கச் சிறிது சுண்ணாம்பு போதும். அதேபோல், முதல் நாள் கலக்கும் சிறிதளவு ரத்தமே குப்பியிலுள்ள நீர் முழுவதையும் சிவப்பாகக் காட்டிவிடும். வருவதில் பெரும்பகுதி நிணநீரும், ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான ஊனீரும்தான். நாள் போகப்போக அது வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறும். கட்டி நிறுத்தினால் அது உடம்பில் சேர்ந்து தெம்பாகாது. தோலுக்கடியில் தேங்கும், சீழ் பிடிக்கும், தையலையும் பிரிக்கும்.

“காசில்லாதவர் என்பதால் டிரெயின் குழாய்க்குப் பதில் கையுறைத் துண்டைச் செருகிவிட்டார்கள்” என்பது இன்னொரு குறை. சீழ்க்கட்டியைக் கீறிய பின், கிருமி நீக்கிய கையுறையின் விரலை வெட்டிப் புண்ணின் தாழ்ந்த பக்கமாக வைத்தால், அதை ஒட்டியே சீழ் வழிந்து வெளியேறிவிடும். அதில் குத்தியிருக்கும் ஊக்கு, துண்டு உள்ளே நழுவாமலிருக்க நாங்கள் தெரிந்தே வைத்தது, மறந்துவிட்டுப் போனதன்று. சிறிய காயங்களுக்கு, குழந்தைகளுக்குப் பாலூட்டும் மெல்லிய குழாயை 20 மில்லி சிரிஞ்சில் இணைத்து, பின்னிழுத்த தண்டு திரும்பிப் போகாதபடி ஊசிமூடியை முட்டுக் கொடுத்தால், அதுவே உறிஞ்சும் கருவியாகிவிடும். இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

உங்கள் வேலை வேறு. குப்பியைக் காயத்துக்குக் கீழேயே வையுங்கள். கையைக் கழுவிவிட்டுக் காலி செய்து, நன்றாக அமுக்கியபடியே மூடியைப் போடுங்கள். உப்பிய குப்பி எதையும் உறிஞ்சாது. வந்த அளவை மில்லியில் எழுதுங்கள், “கொஞ்சம்தான் டாக்டர்” என்பது அளவாகாது. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவோம். காய்ச்சல், துர்நாற்றம், திடீரென்று பெருகும் செந்நிற ரத்தம், வடிவது சட்டென நின்று வீங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே வாருங்கள்.

நேற்று அந்த அம்மாவின் நோட்டில் 45 மில்லி என்று மாமியாரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். குழாய் இன்னும் இரண்டொரு நாள் இருக்கட்டும் என்றேன். இம்முறை அவர் மறுக்கவில்லை.